படத்தில் உள்ளபடி

ஓவர்சியரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதும்போது கை தவறி ஏதாவது மாறிவிட்டால், மனிதர் எங்கிருந்தாலும் அதைப் படித்துவிட்டுத் தன் பெயரையே அதன்படி மாற்றிக்கொண்டுவிடுவார். அப்படிப்பட்ட ஆள். மலையில் எல்லோரும் அவரை ஓவர்சியர் என்றுதான் கூப்பிட்டோம். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

போடிமெட்டுக்கு மேற்கே, மேகம் வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டுப் போகிற உயரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே டீ ஃபேக்டரியில் நான் கிளார்க்கு. கஞ்சிக்கோட்டிலிருந்து வேலைக்குப் போனவன். ஓவர்சியர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோட்டத்திலுள்ள சுவர், கூரை, வாய்க்கால், சுண்ணாம்பு எல்லாம் அவர் பொறுப்பு. நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். காதில் பென்சில், சட்டைப்பையில் கறுப்பு அட்டை போட்ட நோட்டு. அவருக்குக் கீழே இரண்டு கொத்தனார்களும் ஒரு தச்சரும் இருந்தார்கள். அந்த மூன்று பேரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது.

பழைய துரையின் சம்சாரம் சீமைக்குத் திரும்பிப் போகும்போது ஒரு தகரப் பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். பன்னிரண்டு சாயக் கட்டிகள், நான்கு தூரிகைகள், ஒரு கட்டுத் தடித்த தாள். பங்களாவைச் சுத்தம் செய்த ஓவர்சியர் அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்துக்கொண்டார். மழைக்காலம் வேறு. தோட்டத்தில் செய்ய ஒன்றுமில்லாத ஞாயிற்றுக்கிழமைகள். இப்படித்தான் நல்ல நிலையில் இருந்த மூன்று ஆண்பிள்ளைகள் படம் போட ஆரம்பித்தோம். மூன்றாவது ஆள் தோட்டத்து டிஸ்பென்சரியின் கம்பவுண்டர். பாலக்காட்டில் கல்பாத்திக்காரர். வாய்ச்சாலகம் உள்ளவர்.

எங்கள் முதல் பிரச்சினை, படம் காயாதது. அந்த மலையில் ஆனி மாதம் துவைத்த வேட்டி ஆவணியில்தான் காயும். தாளில் வைத்த சாயம் எங்கே காய்வது? காலையில் போட்ட வானம் சாயங்காலத்துக்குள் வழிந்து வந்து தேயிலைச் செடியில் நிற்கும். கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். ஃபேக்டரியில் பறித்த கொழுந்தைப் பரப்பி வாட வைக்கும் மேல்மாடி இருக்கிறது. சாக்குத் துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள், கீழேயிருந்து ஏறி வரும் அடுப்பின் சூடு. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இருக்காது, சூடு மட்டும் மிச்சம் இருக்கும். சாவி என்னிடம். அதனால் எங்கள் சித்திர சபை அந்த மாடியில் கூடியது. எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் டீத்தூள் வாசனை அடிக்கும்.

சபைக்கு ஒரே ஒரு விதி. வாரம் முழுக்கப் போட்ட படத்தைத் தேயிலைப் பெட்டிமேல் சாய்த்து வைக்க வேண்டும். மற்ற இருவரும் ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் டீ.

என் குறை எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குப் பாதம் வரைய வராது. எப்படிப் போட்டாலும் கிழங்கு மாதிரி வரும். ஆகவே என் படங்களில் எல்லோரும் தேயிலைச் செடிக்குள் இடுப்பளவு மறைந்து நிற்பார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் நின்றால் சரி. துரை நின்றார், துரையின் குதிரை நின்றது, ஒரு முறை மாரியம்மன்கூட நின்றாள்.

கம்பவுண்டர் சூரியாஸ்தமனம் மட்டுமே போடுவார். அவருக்கு ஊதா நிறம் போதாது. பெட்டியிலிருந்த ஊதாவை இரண்டே வாரத்தில் தீர்த்துவிட்டு, டிஸ்பென்சரியில் புண் கழுவும் பெர்மாங்கனேட்டைக் கரைத்துப் பூச ஆரம்பித்தார். பூசும்போது வானம் ஜொலிக்கும். நாலாம் நாள் அத்தனையும் சேற்று நிறமாகிவிடும். கேட்டால், “அஸ்தமனம்னா அப்படித்தான் ஓய், கொஞ்ச நாழிதான் நிக்கும்” என்பார்.

ஓவர்சியர் எங்கள் இருவரையும்விட எவ்வளவோ மேல். கோடு போட்டால் கட்டடம் எழுந்து நிற்கும். தூண் தூணாக இருக்கும், ஓடு ஓடாக இருக்கும். ஆனால் மனிதருக்கு ஞாபகப் பிசகு உண்டு, கைப் பதற்றமும் உண்டு. தண்ணீர்ச் சாயத்தில் ஒரு தடவை வைத்தது வைத்ததுதான், அழிக்க முடியாது. எங்களுக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவே. அவருக்கு அது தர்மப் பிரச்சினை.

முதல் தடவை அது எனக்குத் தெரிந்தது பேச்சியின் வீட்டு விஷயத்தில். பேச்சி கொழுந்து பறிப்பவள். கூலிக்காரர்களின் லயத்தில், வரிசையின் கடைசி வீடு அவளுடையது. ஓவர்சியர் அந்த லயத்தை அழகாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். குறை சொல்லியாக வேண்டுமே என்று உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“ஏனுங்கண்ணா, பேச்சி ஊட்டுக் கதவு கெழக்கு பாத்தில்லீங்க இருக்குது? நீங்க வடக்கால வெச்சுப்போட்டீங்களே.”

அவர் முகம் வாடிவிட்டது. படத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாக லயத்தைப் பார்த்தார், நோட்டை எடுத்து என்னமோ எழுதிக்கொண்டார். “சரி பண்ணிருதேன் தம்பி” என்றார்.

அடுத்த ஞாயிறு அதே படத்தைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார். கதவு அப்படியே வடக்கில் இருந்தது.

“ஒண்ணும் மாத்தலீங்களே?”

“இப்பப் போயி லயத்தப் பாரும் வே.”

போய்ப் பார்த்தோம். கிழக்குச் சுவரில் கதவு இருந்த இடம் அடைத்துப் பூசியிருந்தது. வடக்குச் சுவரில் புத்தம் புதுக் கதவு. பேச்சி வேலை முடிந்து கூடையோடு வந்து, பழக்க தோஷத்தில் நேரே சுவரில் போய் முட்டிக்கொண்டு, “எங்க வீட்டுக் கதவ எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான்யா!” என்று தோட்டமே கூடும்படி கத்தியிருக்கிறாள். ஒரு வாரத்தில் அவளே வந்து, இப்போது காற்று உள்ளே அடிப்பதில்லை என்று ஓவர்சியருக்குப் பலாச்சுளை கொடுத்துவிட்டுப் போனாள். அது வேறு விஷயம்.

“இதென்னங்கண்ணா அக்கிரமம்? படத்துல ஒரு கதவு மாறுனா என்னுங்க?” என்று கேட்டேன்.

“கட்டடத்த இடிச்சுக் கட்டலாம் தம்பி. தாள இடிச்சுக் கட்ட முடியுமா?” என்றார் அவர். வேடிக்கையாகச் சொல்லவில்லை. படத்தில் பொய் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அதற்கப்புறம் இது வாடிக்கையாகிவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையைப் போடும்போது நீலத் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து, படத்தில் சுவர் முழுக்க நீலமாகிவிட்டது. திங்கட்கிழமை கொத்தனார்கள் சுண்ணாம்பில் நீலம் கலந்துகொண்டிருந்தார்கள். புது துரை குதிரையில் வந்து நின்று, இது என்ன கூத்து என்று கேட்டார். ஓவர்சியருக்குப் பொய் வராது, திருதிருவென்று விழித்தார். பக்கத்திலிருந்த கம்பவுண்டர், “ஈ வராதாக்கும் துரை, நீலத்தைக் கண்டா ஈ பறந்துடும்” என்று அளந்துவிட்டார். துரை அதை நம்பித் தோட்டத்திலுள்ள எல்லாக் கொட்டகைக்கும் நீலம் அடிக்கச் சொல்லிவிட்டார். ஈக்கள் எப்போதும்போலச் சந்தோஷமாக இருந்தன.

ஒரு நாள் தபால் ஆபீஸ் மேட்டில் மேய்ந்த பசுவைப் போட்டார். மூன்று கால்தான் வந்திருந்தது. நாலாவதை மறந்துவிட்டார். “இது எப்படிச் சரி பண்ணுவார்?” என்று நானும் கம்பவுண்டரும் கொஞ்சம் பயந்தே போனோம். மனிதர் இரண்டு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் பசுவோடு பசுவாகத் திரிந்தார். மூன்றாம் நாள் ஃபேக்டரி வாசலில் வந்து கத்தினார்.

“ஓடியாங்க வே! சீக்கிரம்! நிக்கி, நிக்கி!”

டிஸ்பென்சரியிலிருந்து கம்பவுண்டரும், ஃபேக்டரியிலிருந்து நானும் மழையில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் காட்டிய இடத்தில், அவர் காட்டிய கோணத்தில் நின்று பார்த்தோம். பசுவின் ஒரு பின்னங்கால் இன்னொன்றுக்குப் பின்னால் மறைந்திருந்தது. மூன்று கால்.

“இருக்கா இல்லையா?”

“இருக்குங்கண்ணா.”

“அப்பம் சரி” என்று திரும்பி நடந்தார். பசு காலை மாற்றி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

அன்றைக்கே கம்பவுண்டர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். “கேட்டேளா, என்னை மட்டும் இந்த மனுஷன் வரையப்படாது. தப்பித் தவறி ஒரு கை விட்டுப்போயிடுத்துன்னா என்ன பண்றது? தச்சரை அழைச்சுண்டு வந்துடுவார்.” நான் சிரித்தேன். சிரித்தவன் தலையில்தான் வந்து விடிந்தது.

என் அம்மாவின் பிறந்த ஊர் போடி. அங்கே தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண் இருப்பதாகவும், பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் போட்டோவும் வீட்டின் போட்டோவும் கேட்பதாகவும் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. பெண்ணை ஒரு கல்யாணத்தில் நான் பார்த்திருக்கிறேன். பந்தியில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றியவள். அந்தப் பாயசத்துக்குப் பிறகு எனக்கு வேறு பெண் நினைப்பே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த இடம் தட்டிப்போனால் நான் மலையிலிருந்து இறங்கவே போவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

போட்டோவுக்கு எங்கே போவது? மழை கொட்டுகிறது, துரை லீவு தரமாட்டார். பெண்ணின் அப்பாவோ கம்பம்மெட்டு வரைக்கும் போய் ஏலக்காய் வாங்கி விற்கிற வியாபாரி. அவரைப் பற்றி அம்மா ஒரு வரி எழுதியிருந்தாள்: மாதிரிக் காய் ஒரு கை, மூட்டை ஒரு கை என்று வைத்துப் பார்ப்பாராம். மூட்டையில் மாதிரிபோல இல்லாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாராம்.

“அதுக்கென்ன, நம்ம ஓவர்சியர் போட்டுத் தருவார்” என்றார் கம்பவுண்டர், தன்னைப் போடச் சொல்லவில்லை என்ற நிம்மதியில்.

வீட்டு வாசலில் என்னை நிற்க வைத்து ஒரு ஞாயிறு முழுக்கப் போட்டார். நடுவில் தும்மினார். நடுவில் தாழ்வாரத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. நடுவில் பெண் வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டே இல்லாத ஜன்னலுக்குச் சட்டம் போட்டுவிட்டார். மாடியில் காய வைத்து, மூங்கில் குழலில் சுருட்டி, அடுத்த நாள் தபாலோடு படம் மலையிறங்கிப் போய்விட்டது. அப்புறம்தான் நாங்கள் மூவரும் உட்கார்ந்து படத்தில் என்னென்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தோம். ஓவர்சியர் நோட்டில் எழுதினார். அதை நான் எட்டிப் பார்த்தேன்.

ஜன்னல், ஒன்று அதிகம். மீசை, ஒன்று அதிகம். மாப்பிள்ளையின் உயரம், முக்கால் அடி அதிகம்.

“சரி பண்ணிருதேன்” என்றார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. படம் பிடித்திருக்கிறது, பெண்ணின் அப்பாவும் அத்தையும் வீடு பார்க்க வருகிறார்கள், மூன்று வாரத்தில்.

ஜன்னல் இரண்டு நாளில் முடிந்தது. மீசை என் பொறுப்பு. அதிலும் ஒரு சிக்கல். தும்மலில் தூரிகை இழுத்துக்கொண்டதால் படத்து மீசை வலது பக்கம் நீளமாக இருந்ததாம். “எடது பக்கம் கொஞ்சம் கத்திரிச்சிரும் தம்பி” என்று தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். முக்கால் அடி உயரம்தான் பெரிய பாடு. படத்தில் என் தலை நிலையின் மேல்கட்டையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. நிஜத்தில் எனக்கும் மேல்கட்டைக்கும் நடுவில் ஒரு குருவிக் கூடு கட்டலாம்.

“என்னைய எப்படீங்கண்ணா வளத்துவீங்க?”

“உம்மள யாரு வே வளக்கச் சொன்னா?” என்றார். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது தச்சர் என் வீட்டு நிலையைக் கழற்றி, முக்கால் அடி அறுத்து, திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். என் தலை மேல்கட்டையைத் தொட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக நான் உயரமான ஆளாக நின்றேன். உண்மையைச் சொன்னால், அழுகை வந்தது.

அவர்கள் வந்த நாள் மழை விட்டிருந்தது. பெண்ணின் அப்பா எனக்கு மாமா முறை; நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி, தோள் பையில் மூங்கில் குழல். அத்தை குள்ளம். அத்தை சிரமமில்லாமல் உள்ளே நுழைந்தார். பின்னால் வந்தவர் நெற்றியை நிலையில் மடாரென்று முட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கம்பவுண்டர் அயோடின் பாட்டிலோடு தயாராக இருந்தார்.

“என்னய்யா, வாசலா குகையா?” என்றார் மாமா, நெற்றியில் பொட்டு மாதிரி அயோடினோடு.

பிறகு முற்றத்தில் நின்று குழலிலிருந்து படத்தை எடுத்து விரித்தார். ஒரு கண் படத்தில், ஒரு கண் வீட்டில். “ஜன்னல் ரெண்டு. சரி. ஆளு ஒசரம் நிலை வரைக்கும். சரி. மீச…” என் கிட்டே வந்து பார்த்தார். “வலது பக்கம் நீளம். சரியாத்தான் இருக்கு.” ஓவர்சியர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். என் நெஞ்சு லேசாகிவிட்டது.

“அந்த முல்லைக் கொடி எங்கிட்டு இருக்கு?” என்றார் மாமா.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் விரலை வைத்துக் காட்டினார். வாசலுக்கு இடப்பக்கம், சுவரில், பச்சையும் வெளுப்புமாகப் படர்ந்து, ஓரமெல்லாம் இலை இலையாகச் சுருண்டு ஒன்று இருந்தது. எங்களுக்கு அது தெரியாமல் இல்லை. தாழ்வாரத் தண்ணீர் ஈரச் சாயத்தில் சொட்டியதால் வந்தது. ஆனால் அந்த இடத்தில் நிஜச் சுவரிலும் அதே அளவில் ஓதம் பிடித்துப் பச்சையாக இருந்தது. மலையில் எந்தச் சுவரில் ஓதம் இல்லை? அதனால் அதைக் குறையாக எங்கள் மூவரில் யாரும் எண்ணவில்லை. கீழே வெயிலில் வளர்ந்த பெண் ஓதத்தைக் கண்டாளா? அவள் அதை முல்லை என்று நினைத்துவிட்டாள்.

“மத்ததெல்லாம் நான்தான் பாத்தேன். எம் மக ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிவிட்டா. மலைக்குப் போக எனக்குப் பயமாத்தான்ப்பா இருக்கு, ஆனா வாசல்ல முல்ல இருக்குற வீடுன்னா இருந்துக்கிருவேன், இருக்கான்னு பாத்துட்டு வாங்கன்னா.”

கம்பவுண்டர் சட்டென்று புகுந்தார். “இருந்துதாக்கும்! போன வாரம் ஆடு கடிச்சுடுத்து!”

மாமா யோசித்தார். அத்தை “அடடா” என்றார். விஷயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அப்போது ஓவர்சியர் தொண்டையைச் செருமினார். எனக்குத் தெரியும், அவர் வாயைத் திறக்கப் போகிறார் என்று. கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பிரயோசனமில்லை.

“ஆடு கடிக்கல அண்ணாச்சி. அது கொடியில்ல. ஓதம்.”

“ஓதமா?”

“ஆமா. செவுத்துல ஈரம். நாந்தான் போட்டேன்.”

மாமா படத்தை மெதுவாகச் சுருட்டினார். “அப்ப மாதிரி வேற, சரக்கு வேற. அம்புட்டுத்தான?” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, உள்ளே வைத்த பையை எடுக்கப் போனார். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை நிலையில் முட்டிக்கொண்டார். அயோடினுக்குக்கூட நிற்கவில்லை.

அவர்கள் போன பிறகு நான் ஓவர்சியரிடம் பேசிய பேச்சை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. “பசுவுக்கு மூணு காலுன்னு என்னைய மழைல ஓட வெச்சீங்க. ஓட்டமா ஓடி வந்தனுங்க. எனக்காக ஒரு ஆடு கடிச்சதா இருந்தா உங்களுக்கு என்னுங்க போச்சு?” என்று கேட்டேன். அவர் ஓதத்தின் முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து எழுதினார். எழுதியதை அவரே எனக்குக் காட்டினார். கொடி, ஒன்று குறைவு.

“அந்தப் பிள்ள கண்ணுக்குக் கொடின்னா அது கொடிதான் தம்பி. நாமதான் தப்பாப் பாத்துட்டோம்” என்றார்.

மறுநாள் காலை அவரைக் காணோம். துரையிடம் லீவு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொத்தனார்களுக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் முட்டு வலியோடு நொண்டிக்கொண்டு மலையேறி வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு சாண் குச்சி.

என்ன நடந்தது என்று அவர் சொன்னது நாலே வரி. மீதியை அந்தப் பெண் எனக்குப் பிற்பாடு சொன்னாள். நேரே அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, “படம் போட்டவன் வந்திருக்கேன்” என்றிருக்கிறார். மாமா நெற்றியைத் தடவிக்கொண்டு, உள்ளே வரச் சொல்லவும் முடியாமல் போகச் சொல்லவும் முடியாமல் நின்றிருக்கிறார். கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் இவர், “தாயி, படத்துல கொடி இருக்கு. வீட்டுலதான் இல்ல. வீட்டச் சரி பண்ண வந்திருக்கேன். உங்க கொடியில ஒரு குச்சி ஒடிச்சுத் தந்தியன்னா படம் சரியாப் போயிரும்” என்று கேட்டிருக்கிறார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். அவள் கொல்லைக்குப் போய் ஒடித்து, சாக்கில் சுற்றிக் கொடுத்தாள்.

“துளுத்தாத் தகவல் சொல்லுங்க” என்றாள். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் மலைமேல் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

குச்சியை ஓதத்தின் கீழே நட்டோம். மலையில் முல்லை பிழைப்பது எளிதா? காற்று அடித்தால் நடுங்கும். கொத்தனார்கள் வந்து அதற்கு மட்டும் முட்டளவு சுவர் ஒன்று கட்டினார்கள். ஜன்னலுக்கு வாங்கிய கண்ணாடியைக் கூரையாக வைத்தோம். கம்பவுண்டர் காலையும் மாலையும் நாடி பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னிக்கு முகம் தெளிஞ்சிருக்கு” என்பார். குச்சிக்கு ஏது முகம்? நான் வேலையில் மனம் செல்லாமல், ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்குச் சீட்டு மாற்றி ஒட்டித் திட்டு வாங்கினேன். பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் கணுவில் இரண்டு இலை.

ஓவர்சியர் பெட்டியோடு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு இலையை மட்டும் போட்டார். அத்தனை மெதுவாக அவர் போட்டு நான் பார்த்ததில்லை. தும்மல் வந்தபோது தூரிகையைக் கம்பவுண்டர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து தூரப் போய்த் தும்மிவிட்டு வந்தார். முடித்ததும் மூவரும் எண்ணினோம். படத்தில் இரண்டு, செடியில் இரண்டு. மாடியில் காயப் போட்டோம். அடுத்த நாள் காலையில் பார்த்தால் செடியில் மூன்றாவது இலையின் முனை பச்சையாக எட்டிப் பார்க்கிறது.

ஓவர்சியருக்கு வியர்த்துவிட்டது. “வே, விரிஞ்சிரும் வே! விரிஞ்சா படம் பொய்யாயிரும்! தபாலு எங்க?” என்று படத்தை வேட்டிக்குள் சுருட்டிக்கொண்டு, நொண்டிக் காலோடு தபால் ஆபீஸ் மேட்டில் ஓடினார். மூன்று கால் பசு பயந்து வழிவிட்டது. தபால் பை கட்டி முடித்தாகிவிட்டது என்றார்களாம். அதை அவிழ்க்க வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

கல்யாணம் தையில் நடந்தது. மாமா அப்புறம் எத்தனை முறை வீட்டுக்கு வந்தாலும் குனிந்து வந்தார். மரியாதைக்குக் குனிகிறார் என்று என் அம்மா பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் என் மனைவியிடம் கேட்டேன், ஓதம் என்று தெரிந்த பிறகும் எப்படிச் சம்மதித்தாய் என்று. “கொடி இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு மனுசன் அம்புட்டு மலையும் எறங்கி வந்தாரே. அப்பேர்ப்பட்ட ஆளுக இருக்குற ஊருல பயமில்லாம இருக்கலாம்னு நெனச்சேன்” என்றாள். நான் பாயசத்தைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லை.

எங்கள் மூத்தவள் நடக்கத் தொடங்கிய வருடம் ஓவர்சியருக்கு வேறு மலையில் வேலையாகிப் போனது. புறப்படுகிற அன்று, சாமான் ஏற்றிய வண்டி காத்து நிற்க, என் வீட்டுக்கு ஒரு படத்தோடு வந்தார். அந்த வீட்டு வாசல். தாழ்ந்த நிலை. இரண்டு ஜன்னல். சுவரில் முல்லை. வாசலில் நானும் அவளும். எல்லாம் அச்சு அசல். எங்கள் தலைமுடியும் என் மீசையும் மட்டும் சாயமே படாமல் வெள்ளைத் தாளாக இருந்தன.

“கறுப்புக் கட்டி தீந்துபோச்சு” என்றார்.

“கண்மை இருக்குண்ணே, எடுத்துட்டு வரட்டா?” என்றாள் என் மனைவி.

“வேண்டாந் தாயி. போட்டது போட்டதுதான்.” நோட்டை எடுக்கப் போனவர் எடுக்கவில்லை. “நான் சரி பண்ணாமப் போறது இது ஒண்ணுதான். ரெண்டு பேரும் கூட இருந்து, அவசரப்படாம, மெதுவாச் சரி பண்ணிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் நிலைக்குக் குனிந்து, வெளியே போய் வண்டியில் ஏறினார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கே, எப்போது போய்ச் சேர்ந்தார் என்றும் தெரியாது. எங்கேயாவது ஒரு மலையில் கதவுகள் இடம் மாறியிருந்தால் அங்கே இருந்திருப்பார்.

இப்போது கஞ்சிக்கோட்டில் இருக்கிறோம். முல்லையையும் கொண்டுவந்தோம், இங்கே வெயிலில் கூரை ஏறிவிட்டது. படம் கூடத்தில் தொங்குகிறது. போன வாரம் என் மனைவி தலை வாரிவிட்டு நிமிர்ந்தபோது கவனித்தேன், ஒரு கறுப்பு முடிகூட மிச்சமில்லை. படத்தைக் கழற்றி எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் தலை சரி. என் மீசை சரி, வலது பக்கம் நீளம் உட்பட. அவசரப்படாமல்தான் செய்திருக்கிறோம்.

அவள் படத்தை என் கையிலிருந்து வாங்கி, அதில் என் தலையில் அடர்த்தியாக இருந்த வெள்ளை முடியைப் பார்த்தாள். பிறகு என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். மாமா மாதிரியே, ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே.

“அந்த அண்ணன் மட்டும் இருந்திருந்தா, இந்நேரம் கொத்தனாரக் கூட்டியாந்து நட்டுருப்பாரு” என்றாள்.